நான்கு வெள்ளை யூனிஃபார்ம்

1. பாழான முதல் செட்

துணியில் சாயம் நிற்கிறதா, போகிறதா என்று சோதிக்கும் அரசு லேபில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தவன் நான். ஓய்வு பெற்றபின் வீட்டில் சாயம் போட்ட முதல் துணியைப் பாழாக்கினேன். பிறர் கண்டுபிடித்துச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

துணி என்னுடையதல்ல. மாடி வீட்டு ஸ்டெல்லாவுடையது. பாளையங்கோட்டைக்காரர், இந்த வடநாட்டு ஊரில் ஒரு தனியார் நர்சிங் ஹோமில் நர்ஸ். பிப்ரவரியில் அங்கே ஒரு சர்க்குலர் வந்தது. திங்கட்கிழமை முதல் வெள்ளை கூடாது, நேவி ப்ளூ காட்டன் மட்டும். மீறினால் டியூட்டி கிடையாது. நிர்வாகமே ஒரு கடையில் தைத்து அடுக்கி வைத்திருந்தது. ஸ்டெல்லாவிடம் வெள்ளைக் குர்தாவும் சல்வாருமாக நான்கு செட் இருந்தன.

"ஒண்ணுகூடக் கிழியல அங்கிள். பட்டன்கூடப் போகல. நல்ல துணியத் தூக்கிப் போட்டுட்டு எதுக்குப் புதுசு வாங்கணும்? நான் மாட்டேன்."

"பழைய துணிக்குப் பாத்திரம் தர்றவ நாளைக்கு வருவா. போட்டா ஒரு ஸ்டீல் டப்பாவாவது கிடைக்கும்" என்றாள் என் மனைவி.

"டப்பாவ மாட்டிக்கிட்டு டியூட்டிக்குப் போகவா ஆன்ட்டி?"

நேவி ப்ளூ சாயம் போட்டுத் தருகிறேன் என்று நான் துணியை எடை போட்டேன். ஒரு செட் அறுநூறு கிராம். அதற்குப் பன்னிரண்டு லிட்டர் தண்ணீர், அறுநூறு கிராம் உப்பு, இருநூற்று நாற்பது கிராம் சோடா, காட்டன் நூலோடு ஒட்டிக்கொள்ளும் ரியாக்டிவ் டை முப்பத்தாறு கிராம். எங்கள் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம் என்பதால் ஆர்.ஓ. தண்ணீர். பால்கனிக் குளிரில் வாளி ஆறிவிடாதபடி என் ரஜாய்ப் போர்வையை அதற்குச் சுற்றினேன்.

"நல்லது. வாளி போத்திக்கட்டும், நீங்க நடுங்குங்க" என்றாள் மனைவி.

ஒரு கிராம்கூடப் பிசகவில்லை. ஆனால் அலசி எடுத்தபோது முதுகில் மூன்று, மார்பில் இரண்டு, ஆக ஐந்து வெளிர்த் திட்டுகள்.

ஸ்டெல்லா விரித்துப் பார்த்தார். "என்ன அங்கிள், உலக மேப் மாதிரி இருக்கு? இதப் போட்டுட்டு வார்டுக்குள்ள போனா பேஷண்ட் டிரிப்ஸோட எந்திரிச்சு ஓடிருவான்."

2. வடிகஞ்சி

அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சாயம் சரி, சோடா சரி, தண்ணீர் சரி. கடைசியில்தான் ஸ்டெல்லாவிடம் கேட்கவேண்டியதைக் கேட்டேன். "இதுக்குக் கஞ்சி போடுவீங்களா?"

"போடாம? கஞ்சி போடாத வெள்ளைய எங்க ஊர்ல மனுஷன் உடுத்துவானா? சோறு வடிச்ச கஞ்சி, ஒவ்வொரு தடவையும்."

சாயம் நூலில் ஏறவில்லை, கஞ்சியில் ஏறியிருக்கிறது. அலசியதும் கஞ்சியோடு கழன்றுவிட்டது. கஞ்சியை எடுக்காமல் சாயம் போடாதே என்பது இந்தத் தொழிலின் முதல் விதி. முப்பத்தொரு வருடம் பிறர் செய்த தவறுகளுக்கு மார்க் போட்டவன் முதல் விதியிலேயே விழுந்தேன்.

நான்கு செட்டையும் சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் அரை மணி நேரம், இரண்டு தடவை வேகவைத்தேன். ஸ்டெல்லா கொண்டுவந்த அயோடினை ஓரத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். கஞ்சி இருந்தால் கருநீலமாகும், ஆகவில்லை. பிறகே சாயம், பிறகு வெந்நீர்ச் சோப்பு, ஒன்பது அலசல். ஒன்பதாவது தண்ணீர் தெளிவாக வந்தது. முதல் செட்டின் ஐந்து திட்டுகளில் நான்கு மறைந்தன. ஐந்தாவது இன்றும் பாக்கெட்டுக்குக் கீழே இருக்கிறது.

தையல் நூல் மட்டும் பாலியெஸ்டர். காட்டன் சாயம் அதில் ஏறாது. தையலெல்லாம் வெள்ளைக் கோடாக நின்றது.

"இருக்கட்டும் அங்கிள். டிசைன்னு சொல்லிக்கிடுதேன்."

3. திங்கட்கிழமை

காலை ஏழு மணிக்குப் போன். "கேட்லயே நிறுத்திட்டாங்க அங்கிள். வீட்டுக்குப் போகச் சொல்றாங்க. போகமாட்டேன்னு நிக்கேன்."

பையில் எங்கள் கொடியில் கிடந்த இன்னொரு செட்டையும் இரண்டு வெள்ளைத் துணித் துண்டுகளையும் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். மேனேஜருக்கு என் வயதில் பாதி இருக்கும். ஹிந்தியில் ஆரம்பித்தார்.

"பாபுஜி, இது வீட்டுச் சாயம். பேஷண்ட் பெட்ஷீட்டெல்லாம் நீலமாயிடும். கடை யூனிஃபார்ம் வாங்கச் சொல்லுங்க."

"நீலமாகுதான்னு பாத்துட்டா?"

"இது நர்சிங் ஹோம், லேப் இல்ல."

"தண்ணி இருக்கில்ல? போதும்."

அவர் மேஜையிலிருந்த கடை யூனிஃபார்ம் ஒன்றைக் கேட்டு வாங்கினேன். ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து அந்த யூனிஃபார்மில் பத்துத் தடவை தேய்த்தேன், போய்வந்தால் ஒன்று. அதேபோல் இன்னொரு துண்டால் நான் கொண்டுவந்த ஸ்டெல்லாவின் செட்டில் பத்து. லேபில் ஒன்றாம் கிரேடு என்றால் மோசம், ஐந்து என்றால் உத்தமம். கடைத் துணி தேய்த்த துண்டு மை கொட்டியதுபோல் ஆயிற்று, ஒன்றரை. எங்களுடையதில் மங்கலாக ஒரு சாயல், மூன்றரை. நான்கு என்று சொல்ல ஆசைதான். ஆனால் அது மூன்றரைதான்.

மேனேஜர் இரண்டு துண்டுகளையும் மாறிமாறிப் பார்த்தார். "தையல் வெள்ளையா இருக்கே?"

"சர்க்குலர்ல துணி கலர்தான் இருக்கு சார், நூல் கலர் எங்க இருக்கு?" என்றார் ஸ்டெல்லா, அவரைவிட நல்ல ஹிந்தியில்.

மேனேஜர் சர்க்குலரை எடுத்து இரண்டு தடவை படித்தார். நான் எண்ணினேன்.

"அச்சா, போங்க. டியூட்டிக்குப் போங்க."

"ஏழு அம்பத்தெட்டு சார். டியூட்டி எட்டுக்கு, லேட் போட்டுறாதீங்க." சொல்லிக்கொண்டே ஸ்டெல்லா மாடிப்படி ஏறிவிட்டார்.

மேனேஜர் இரண்டு துண்டுகளையும் குப்பைக்கூடைப் பக்கம் கொண்டுபோனார். நான் வாங்கிக்கொண்டேன். அவருடைய ஸ்டேப்லராலேயே ஒரு தாளில் இரண்டையும் குத்தி, கீழே 'ஈரத் தேய்ப்பு, பத்து' என்றும் கிரேடுகளையும் எழுதி, கையெழுத்துக் கேட்டேன். மாட்டேன் என்றார்.

லேபிலும் இப்படித்தான். நல்ல ரிப்போர்ட்டைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். போட மறுப்பவர்தான் முழுதாகப் படித்தவர். மேனேஜருக்குச் சேரவேண்டிய விஷயம் சேர்ந்துவிட்டது. எனவே 'பார்த்தார்' என்று நானே எழுதி, தேதி போட்டு, தாளை அவர் மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன்.