அடுப்படியில ஜாயிண்ட் பேந்துருச்சு

போன ஞாயித்துக்கிழமை எங்க வீட்டு அடுப்படித் தரையைச் சரி பண்ணுனேன். ஆள் வைக்கல. நானேதான்.

வாராவாரம் இதைப் படிக்கிறவங்களுக்குத் தெரியும். வீட்டுக்காரர் மஸ்கட்ல டைல்ஸ் ஒட்டுற வேலை. நான் இங்கன, பட்டாசுக் கம்பெனியில வெடிக்குள்ள மருந்து செலுத்துறேன். வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. சாயங்காலம் போன் வரும்.

அடுப்படி டைல்ஸ் அவர் ஒட்டுனதுதான். போன தடவை லீவுல வந்தப்ப ஒட்டுனார். பாத்திரம் கழுவுற தொட்டிக்குக் கீழ தண்ணி சொட்டிச் சொட்டி, டைல்ஸ் இடுக்குல, அதான் ஜாயிண்ட்ல, இருந்த வெள்ளை சிமெண்டு பேந்துருச்சு. எறும்பு வரிசை கட்டுச்சு.

போன்ல சொன்னேன்.

"கொத்தனாரை விடாத. நான் வந்து பாத்துக்கிடுறேன்"னார்.

ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி கோயிலுக்குப் போகணும், அதுக்குள்ள வந்துருவேன்னும் சொன்னார். நானும் விட்டுட்டேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜாயிண்ட் பேந்துருச்சும்பேன். வந்து பாத்துக்கிடுறேம்பார். அம்புட்டுத்தான் பேச்சு. வேற என்ன பேச? எங்க ரெண்டு பேருக்கும் அதுக்கு மேல பேச வராது.

கம்பெனி வண்டியில பக்கத்துல உக்கார்ற மாரியம்மா சிரிப்பா. "ஏத்தா, உம் புருசன் ஊரான் வீட்டைப் பூரா பளபளன்னு ஆக்குறாரு. நீ எறும்புக்குச் சோறு போடுற."

போட்டா என்ன... எறும்புக்கும் பசிக்கும்ல?

ஆடி வந்துச்சு. போயிருச்சு. ஒரு வெள்ளிக்கிழமை போன்ல அவரே சொன்னார்.

"நீயே அடைச்சிரு. எப்படின்னு சொல்லுறேன்."

லீவு கிடைக்கலன்னு அவர் சொல்லல. நானும் கேக்கல. கேட்டா மட்டும்?

அவர் சொன்னது இதுதான். இரும்பு அறுக்குற ஆக்ஸா பிளேடால பழசைக் கீறி எடுக்கணும். தூசியைக் கூட்டணும். இடுக்கை நனைக்கணும். வெள்ளை சிமெண்டைக் கெட்டியாக் குழைச்சு, பழைய ரப்பர் செருப்புத் துண்டால அழுத்தித் தேய்க்கணும். ஈரத் துணியால மேல துடைக்கணும். மறுநாள் வரைக்கும் மிதிக்கக் கூடாது.

பிளேடை எடுத்தேன். டைல்ஸ்ல ஒரு இழுப்பு — கிரீச்சுன்னுச்சு. கை தானா நின்னுருச்சு.

கம்பெனியில மருந்து ரூமுக்குள்ள இரும்பு ஆகாது. உரசுனா பொறி. பொறின்னா... எங்க பக்கத்து ஆளுகளுக்கு மேல சொல்ல வேண்டியதில்ல. அடுப்படியில மருந்து இல்லன்னு எனக்குத் தெரியும். கைக்குத் தெரியலையே.

மூங்கில் குச்சியைச் சீவிக்கிட்டு உக்காந்தேன். காலையில ஆரம்பிச்சது, உச்சி தாண்டியும் முடியல. அவர் சொன்ன மாதிரியே அடைச்சேன். மூலையில ஒரு டைல்ஸ் ஓரத்துல அவர் கட்டைவிரல் தடம் பழைய சிமெண்டுல இருந்துச்சு. அந்த இடம் மட்டும் பேரல. அதைத் தொடாம, புது சிமெண்டைச் சுத்திக் கொண்டுபோயிட்டேன்.

இந்த வெள்ளிக்கிழமை போன் வந்துச்சு.

"எதால கீறுன?"

"மூங்கில் குச்சி."

சிரிச்சார். ரொம்ப நாள் கழிச்சு. "ஏளா, அது சிமெண்டு. வெடிக்கவா போகுது?"

"சிரிங்க. அங்கன இருந்து சிரிக்க நல்லாத்தான் இருக்கும்."

"இறுகிருச்சா?"

"இறுகிருச்சு."

"எறும்பு?"

"வரல. நீங்க சாப்பிட்டீகளா?"

"ஆச்சு."

அவ்வளவுதான். பேச்சு தீந்துருச்சு. போன்ல அவர் மூச்சு மட்டும் கேக்குது. வைக்கவும் மனசில்ல அவருக்கு, எனக்கும். ஒரு வீட்டுல ரிப்பேர்னு ஒண்ணு இல்லன்னா புருசன் பொண்டாட்டி எதைப் பேசுறது? யோசிச்சுப் பாருங்க.

அவர்தான் கேட்டார்.

"வேற எதுவும் பேந்திருக்கா?"

சுத்திப் பாத்தேன். எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு.

"மொட்டைமாடி ஒழுகுது"ன்னேன்.

"கொத்தனாரை விடாத. நான் வந்து பாத்துக்கிடுறேன்."

எங்க பக்கம் மழை பேஞ்சு எம்புட்டு நாளாச்சுன்னு அவருக்கும் தெரியும்.