இடது கண்ணைப் பொத்தியபோது

பந்து துஷாந்தினியின் இடது கண்ணில் நேராக வந்து அடித்தது. ஆகஸ்ட் மாதத்து மதியம். பியர்பொன்ட்ஸ் பூங்காவின் ரெனிஸ் மைதானத்தில் முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கான இறுதியாட்டம் நடந்துகொண்டிருந்தது. வலைக்குப் பக்கத்தில் நின்றவளுக்கு மட்டையை உயர்த்தவும் நேரம் கிடைக்கவில்லை. அப்படியே முழங்காலில் விழுந்தாள். கம்பிவேலிக்கு வெளியே நின்ற அவளுடைய அண்ணன் இரவிச்சந்திரன் பாய்ந்து உள்ளே வந்து, ஐஸ் சுற்றிய துவாயை அவள் கண்ணில் வைத்து அழுத்தினார்.

"அண்ணை, ஏன் ரெண்டு கண்ணையும் பொத்துறியள்?"

"நான் ஒரு கண்ணைத்தானே பொத்திறன்."

"இல்லை, எனக்கு ஒண்டும் தெரியேல்லை. கையை எடுங்கோ."

அவருடைய மற்றக் கை அவள் தோளில் இருந்தது. அவளுடைய வலது கண் நன்றாகத் திறந்திருந்தது. கறுத்துப் பளபளவென்று, எந்தப் பழுதும் இல்லாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் அந்தக் கண்ணுக்கு முன்னால் கையை ஆட்டிப் பார்த்தார். இமை அசையவில்லை.

துஷாந்தினியை அந்தப் பக்கத்தில் தெரியாதவர்கள் குறைவு. பதினொரு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து கனடாவுக்கு வந்தவள். பள்ளிக்கூடம் விட்டால் இந்த மைதானத்தின் மதிலில் பந்து அடித்துத்தான் அவளுக்குப் பொழுது போகும். யாரோ குப்பையில் போட்ட மட்டை ஒன்றை அண்ணன் எடுத்துவந்து கொடுத்திருந்தார். பிரெஞ்சு பேசத் தெரியாத அந்தப் பிள்ளையோடு விளையாட வேறு எவரும் வராததால் அவரே பந்து போட்டார். முறையாகப் பழக்கிய ஆள் என்று எவரும் இல்லை. பிறகு ஒரு garderie-யில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கும் வேலை, ரதீசனோடு கலியாணம் என்று வாழ்க்கை ஓடியபோதும் மட்டையை அவள் கைவிடவில்லை. ஏழு கோடைகளில் இந்தப் போட்டியின் வெற்றிக் கிண்ணம் அவளுடைய வீட்டுக்குப் போயிருக்கிறது.

அவளிடம் ஒரு விசித்திரப் பழக்கம் இருந்தது. பந்தை எதிர்கொள்ளும்போது முகத்தை வலப்பக்கம் திருப்பி, ஓரக்கண்ணால் பார்ப்பதுபோல நிற்பாள். எதிரில் நிற்பவர்கள் அதைத் தலைக்கனம் என்று நினைத்தார்கள். "முகத்தை நேரை வைச்சுக்கொண்டு விளையாடு" என்று இரவிச்சந்திரன் வருடக்கணக்காகப் பேசிப் பார்த்தார். நேராக வைத்தால் பந்து தவறியது. பிறகு அவரும் விட்டுவிட்டார்.

மருத்துவமனையில் ஒரு பெண் வைத்தியர் முதலில் இடது கண்ணைப் பார்த்தார். உள்ளே இரத்தம் கசிந்து நின்றது. பிறகு வலது கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"பந்து எந்தக் கண்ணில் பட்டது?" என்று பிரெஞ்சில் கேட்டார்.

"இடது."

"அப்படியென்றால் வலது கண்ணுக்கு என்ன நடந்தது?"

"ஒன்றும் நடக்கவில்லை. அது எப்போதும் இப்படித்தான். வலது கண் எல்லோருக்கும் கொஞ்சம் மங்கல்தானே? இடது கையில் பலம் குறைவாக இருப்பதுபோல."

வைத்தியர் கதிரையை இழுத்துக்கொண்டு அவளுக்கு முன்னால் உட்கார்ந்தார். அப்போதுதான் துஷாந்தினிக்கு முதன்முதலாகப் பயம் வந்தது.

பரிசோதனைகள் முடிந்த பிறகு வைத்தியர் ஆறுதலாகச் சொன்னார். வலது கண்ணின் நரம்பு எப்போதோ செத்துவிட்டது. வெளிச்சம் இருக்கிறதா இல்லையா என்பதற்கு மேல் அதற்கு எதுவும் தெரியாது. மிகச் சின்ன வயதிலேயே போனதால் மூளை ஒற்றைக் கண்ணோடு பழகிவிட்டது. குழந்தையாக இருந்தபோது புருவத்தில் பலமான அடி ஏதும் பட்டதா?

துஷாந்தினி அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் சுவரில் சாய்ந்து நின்றார்.

"உனக்கு அப்ப மூண்டு வயசு. ஹெலிகொப்டர் சுடுது எண்டு எல்லாரும் ஓடேக்கை கிணத்துக்கட்டிலை முகம் அடிபட விழுந்தனி. புருவம் கிழிஞ்சு தையல் போட்டது. கண்ணுக்கு ஒண்டுமில்லை எண்டுதான் சொன்னவை. நாங்களும் நம்பிப்போட்டம்."

அவளுக்கு அழுகை வரவில்லை. நாற்பத்தொரு வயதில் தன்னைப்பற்றி இப்படியொரு செய்தியை எங்கே வைப்பது என்று தெரியாமல் வைத்தியரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கனடாவுக்கு வந்த புதிதில் பள்ளிக்கூடத்துத் தாதி எழுத்துப் பலகையைக் காட்டிச் சோதித்தது நினைவுக்கு வந்தது. இடது கண்ணால் வாசித்த எழுத்துகளையே வலது கண்ணின் முறை வந்தபோது மனப்பாடமாக ஒப்புவித்தாள். அதுதான் சோதனை, எவ்வளவு ஞாபகம் இருக்கிறது என்று பார்க்கிறார்கள் என்று அவள் நினைத்திருந்தாள்.

இடது கண்ணுக்குள் நின்ற இரத்தம் வற்றும்வரை தலையை உயர்த்தி வைத்து அசையாமல் படுத்திருக்கச் சொன்னார்கள். மறுபடி கசிந்தால் பார்வை போகலாம் என்பதையும் வைத்தியர் மறைக்கவில்லை. இருப்பது ஒன்று, அதுவும் போனால் என்று எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. வீட்டில் எல்லாம் சிவப்பு நீருக்குள் கிடப்பதுபோலத் தெரிந்தது. ரதீசன் வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தான்.

"இருபது வருசமா நாங்கள் நடக்கேக்கை நீர் எனக்கு வலப்பக்கமாத்தான் வருவீர்" என்றான் ஒருநாள் திடீரென்று. "இந்தப் பக்கம் வாரும் எண்டாலும் மாட்டீர். அது ஒரு பழக்கம் எண்டு நினைச்சிட்டன். நான் உம்மடை இடது கண்ணுக்குள்ளை நிக்கவேணும் எண்டுதானோ?"

"எனக்குத் தெரியாதப்பா" என்றாள். உண்மையிலேயே அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. கார் பழகப் போய் வலப்பக்க விளக்குக் கம்பத்தில் இடித்துவிட்டு, எனக்கு இது சரிவராது என்று பஸ்ஸிலேயே திரிந்ததும் இப்போதுதான் விளங்கியது.

பந்தை அடித்த அம்ருதா பார்க்க வந்தாள். சென்னையிலிருந்து வந்த பொறியாளர். எட்டு வருடமாகத் துஷாந்தினியிடம் தோற்றுக்கொண்டிருப்பவள். வாசலில் வைத்தே அழுதாள். நடந்ததை ரதீசன் சொன்னபோது அவளுடைய அழுகை சட்டென்று நின்றது.

"ஒரு கண்ணா? எட்டு வருஷமா நான் ஒரு கண்ணுகிட்டயா தோத்துட்டு இருந்தேன்?" என்றாள். உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ, சாரி, என்ன பேசறேன் நான்!"

துஷாந்தினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலையை அசைக்கக்கூடாது என்று ரதீசன் பதறினான்.

கண்ணுக்குள் நின்ற இரத்தம் வற்றியது. பார்வை முழுதாகத் திரும்பியது. பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் மைதானத்துக்குள் காலை வைக்கக்கூடாது என்று வைத்தியர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

அடுத்த கோடையில் தடித்த கண்ணாடியோடு அவள் இறங்கினாள். ஆனால் பழைய துஷாந்தினி வரவில்லை. வலப்பக்கம் வரும் ஒவ்வொரு பந்துக்கும் முன்னால், அங்கே தனக்குக் கண் இல்லை என்ற நினைப்பு வந்து நின்றது. முன்பு யோசிக்காமல் எடுத்த பந்துகள் மட்டைக்கு எட்டாமல் போயின. அரையிறுதியில் அம்ருதா அவளை ஆறுக்கு ஒன்று, ஆறுக்கு இரண்டு என்று வென்றாள். கைகொடுத்தபோது அம்ருதாவின் முகத்தில் வெற்றியின் சாயலே இல்லை.

"அக்கா, இது எனக்கு வேணாம்" என்றாள். "அடுத்த மாசம் இரட்டையர் இருக்கு. என்கூட ஆடுங்க. வலப்பக்கத்தை நான் பாத்துக்கறேன்."

"நான் தோத்ததுக்குப் பாவம் பாக்கிறீரோ?"

"பாவமா? உங்க இடப்பக்கத்தை இத்தனை வருஷம் என்னால தாண்ட முடியல. அது என் பக்கம் இருந்தா நல்லதுதானே?"

துஷாந்தினி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "சரி, பேரைக் குடும்" என்றாள்.

இரட்டையர் ஆட்டத்தில் அம்ருதா வலப்பாதியிலும் அவள் இடப்பாதியிலும் நின்றார்கள். முதல் ஆட்டத்திலேயே பந்து ஒன்று இருவருக்கும் நடுவே விரைந்து வந்தது. பழக்கத்தில் துஷாந்தினியின் தலை வலப்பக்கம் திரும்பியது.

"என்னோடது!" என்று அம்ருதா கத்தினாள்.

துஷாந்தினி முகத்தை நேராக்கி, மட்டையைத் தாழ்த்திக்கொண்டு அப்படியே நின்றாள். தனக்கு வலப்பக்கம் வந்த ஒரு பந்தை இன்னொருவருக்கு விட்டுக்கொடுப்பது அவளுடைய வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அவள் பார்க்காத பக்கத்திலிருந்து பந்து அடிபடும் சத்தம் மட்டும் கேட்டது.

அந்த வருடம் அவர்கள் அரையிறுதியில் தோற்றார்கள். அடுத்த கோடைக்கும் பெயர் கொடுத்திருக்கிறார்கள்.