மரக்காணம் பஸ்ஸில் அக்காவின் பாட்டு

போன வாரம் விக்கிரவாண்டிப் பக்கம் நிலக்கடலை போட்ட ஒரு மல்லாட்டைக் கொல்லையில், காக்காய் விரட்டப் பழைய சிடிக்களைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். வெயிலில் அவை திரும்பித் திரும்பி மின்னியதைப் பார்த்ததும், திண்டிவனத்தில் மரக்காணம் சாலையோரம் இருந்த எங்கள் மாடி அறை, பிறகு சாலையை அகலப்படுத்தியபோது வீட்டோடு இடிபட்ட அந்த அறை, நினைவுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அக்கா அங்கே தன் சிடிக்களைப் பாயில் பரப்பி, அப்பாவின் பழைய வேட்டித் துணியால் ஒவ்வொன்றாகத் துடைப்பாள். கீழே குக்கர் விசிலடிக்கும், மேலே பாட்டு ஓடும், கரண்ட் போனால் விட்ட இடத்திலிருந்து அவளே பாடி முடிப்பாள்.

கல்யாணம் நிச்சயமானதும் அம்மா, "இத்தினியும் தூக்கிக்கினு போயி அங்க எங்கடி வப்ப?" என்றாள். மறுநாள் அக்கா வாசலில் நின்று மரக்காணம் பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி, பஸ்ஸில் போடச் சொல்லி சிடிப் பெட்டியை டிரைவரிடம் கொடுத்தாள். "கீறல் விழாம பாத்துக்கங்கண்ணா" என்றாள்.

ஆடிக்குப் புகுந்த வீடான விழுப்புரத்திலிருந்து வந்தவளை அழைத்துவர பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தேன். அதே பஸ்ஸில் ஏறினோம். அவளுடைய சிடிதான் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் ஸ்டாப் வந்தும் அக்கா எழுந்திருக்கவில்லை.

"எறங்கலியாம்மா?" என்றார் கண்டக்டர்.

"பாட்டு முடியட்டுங்க. அடுத்த ஸ்டாப்புல எறங்கிக்கிறோம்."

பையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வெயிலில் திரும்பி நடந்தோம். வாசலில் அம்மா காத்திருந்தாள்.

"ஏண்டி இவ்ளோ நேரம்?"

"பஸ்ஸு லேட்டும்மா" என்றாள் அக்கா, என் கையை அழுத்தியபடி.