பத்தொன்பது ஒன்றுகள்

போன ஞாயிற்றுக்கிழமை மாலை, சிட்லபாக்கத்தில் பக்கத்து வீட்டுத் தொலைபேசியில் எனக்கு அழைப்பு என்று கூப்பிட்டார்கள். பம்மலிலிருந்து சகாயராஜின் மகள் ஸ்டெல்லா பேசினாள். "அங்கிள், அப்பா போயிட்டாங்க."

மறைமலை நகர்த் தொழிற்சாலையில் சகாயராஜோடு வேலை பார்த்து, இன்று அவருக்கு அஞ்சலி செலுத்தக் கூடியிருக்கும் உங்களுக்கு, உதிரிப் பாகங்களை அளந்து, இம்மி பிசகினாலும் திருப்பி அனுப்பிவிடும் மனிதரைத் தெரியும். எனக்குத் தெரிந்தவர், தினமும் நான் வேலைக்குப் போய்வரும் ரயிலில் எதிர் இருக்கையில் மடிமேல் நோட்டை விரித்து வகுத்துக்கொண்டே வருபவர்.

பதினேழு ஒன்றுகளை வரிசையாக எழுதினால் வரும் எண், பகா எண்தானா? மீதியில்லாமல் அதை வகுக்கும் எண் ஏதும் உண்டா? இதுதான் அவருடைய தேடல். முப்பத்து நான்கால் வகுத்தால் ஒன்று மீதி வரும் பகா எண்களை மட்டும் சோதித்தால் போதும் என்று எங்கோ படித்திருந்தார். நாளுக்கு மூன்று எண்கள். ஏழு வருடத்தில் பதினான்கு லட்சத்தைத் தாண்டியிருந்தார். "இன்னா சார் அவசரம், நம்பர் எங்க ஓடப்போவுது?" என்பார்.

எண்பதுகளின் கடைசியில் என் அலுவலகத்துக்குக் கணினி வந்தது. அந்த எண்ணை அதில் போடச் சொன்னேன். 20,71,723 என்ற எண் அதை வகுத்துவிட்டது. அன்று மாலையே ரயிலில் பெருமையாகச் சொன்னேன். தாம்பரம் வரும்வரை அவர் வகுத்துப் பார்த்தார். "சரியாத்தான் கீது சார்" என்று நோட்டை மூடிப் பையில் வைத்தார். நான் பாராட்டை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன். அதன்பின் பல மாதம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே வந்தார்.

மறு வருடம் அவர் மனைவி மஞ்சள் காமாலையில் இறந்தார். அடக்கம் முடிந்து வேலைக்குத் திரும்பிய மூன்றாம் நாள், கையில் புது நோட்டு. இம்முறை பத்தொன்பது ஒன்றுகள். "ஆயுசு பத்தாதுன்னு தெரியும் சார். கை சும்மா இருந்தா அவ நெனப்பு வருது" என்றார்.

கணினிப் பிரிவில் விசாரித்தேன். அது பகா எண் என்று என்றைக்கோ நிரூபித்துவிட்டார்களாம். ஒன்றையும் அந்த எண்ணையும் தவிர வேறெதுவும் அதை வகுக்காது. இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை. ஆறு வருடம் அவர் வகுத்தார். நான் செய்தித்தாளில் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

சகாயராஜின் அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஸ்டெல்லாவிடம் அதைச் சொல்லிவிட்டேன். இல்லாத ஒன்றை உன் அப்பா தேடும்படி நான் விட்டுவிட்டேனம்மா என்றேன்.

"அப்பாவுக்குத் தெரியும் அங்கிள். என் காலேஜ் புக்ல போட்டிருந்துச்சு, நான்தான் காட்டினேன். 'சார் கிட்ட சொல்லிடாத. எனக்காவ மறைச்சு வச்சினு கீறாரு, தெரிஞ்சா கஷ்டப்படுவாரு'ன்னாங்க."

நோட்டுகளை அவளே வைத்துக்கொண்டாள். ஒருவர் மனம் நோகக் கூடாதென்று இன்னொருவர் வாய் மூடிச் சென்ற அந்த ஆறு வருடப் பயணம் என்னிடம் இருக்கிறது.