பெற்றோல் டாங்கியில் பெல் சுவிச்

என் மனைவிக்கு இடது கையில் பெருவிரல் கிடையாது. எனக்கு ஒரு கண்ணில் பார்வை இல்லை. மற்றக் கண்ணும் கிட்டத்தில் உள்ளதைத்தான் ஒழுங்காகக் காட்டும். எப்படிப் போனது என்று எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் கேட்பதில்லை. கேட்டால் கேட்டவரும் தன் கதையைச் சொல்ல வேண்டிவரும், பிறகு இரண்டு பேருக்கும் அன்றைய வேலை கெட்டுப்போகும். ஆக, எங்கள் வீட்டில் மோட்டார் சைக்கிள் ஓட்டுவது அவள், பின்னால் இருப்பது நான்.

கிளச்சைப் பிடிக்க அவளுக்கு மற்ற நான்கு விரல்களும் போதும். சிக்னல் சுவிச்தான் வில்லங்கம். அது இடது கைப்பிடியில், சரியாகப் பெருவிரல் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. அதனால் சிக்னல் போடுவது என் வேலையாயிற்று. வலப்பக்கம் திரும்புவதென்றால் என் வலது கையை நீட்டுவேன், இடப்பக்கமென்றால் இடது கை. புளியங்குளத்திலிருந்து நெடுங்கேணிப் பக்கம் போகும் றோட்டில் எங்களைக் கண்டால், "கைகாட்டி மரம் வருது" என்று சொல்லிச் சிரிப்பார்கள். மனுசி ஓட்ட, புருசன் பின்னால் இருந்து கையை ஆட்டிக்கொண்டு வருவது அவர்களுக்குப் பகிடி. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இறங்கிப் போய் நாலு வார்த்தை கேட்கவும் ஆசைதான். அவள் வண்டியை நிறுத்தினால்தானே.

அவளிடம் லைசென்ஸ் இருக்கவில்லை. உள்றோட்டில் ஓடுவதற்கு யார் கேட்கப் போகிறார்கள் என்று இருந்துவிட்டோம். பிறகுதான் பால் சேகரிக்கும் நிலையமொன்றில் அவளுக்கு வேலை சரிவந்தது. ஊர் ஊராகப் போய் மாடு வளர்ப்பவர்களைச் சந்திக்கும் வேலை. மாதாமாதம் சம்பளம். எங்கள் இருவரின் குடும்பத்திலும் அதற்கு முன் யாரும் மாதச் சம்பளம் எடுத்ததில்லை. ஒரே நிபந்தனை, லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸுக்கு ட்ரயல் ஓடிக் காட்ட வேண்டும். தன்னுடைய வண்டியிலேயே ஓடலாம், ஆனால் பின்னால் ஆள் இருக்கக்கூடாது, சிக்னலைத் தானே போட வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"நீங்கள் வயரிங்காரன்தானே, எனக்கொரு சுவிச் போட்டுத் தாங்கோ," என்றாள். தேத்தண்ணி கேட்பதுபோலக் கேட்டாள்.

நான் வயரிங்காரன்தான். சண்டை முடிந்து சனம் திரும்பி வந்து குடியேறிய காலத்தில் எத்தனையோ புது வீடுகளுக்கு வயர் இழுத்திருக்கிறேன். ஆனால் வீடு வேறு, மோட்டார் சைக்கிள் வேறு. வீட்டில் இரும்பில் கரண்ட் ஓடினால் ஆள் முடிந்தான். மோட்டார் சைக்கிளில் இரும்புச் சட்டமே ஒரு வயர்தான். பற்றறியிலிருந்து லைட்டுக்குப் போகும் கரண்ட் சட்டத்தின் வழியாகத்தான் திரும்பி வருகிறது. இது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் மனம் ஒப்பவில்லை. இரும்பை நம்பாமல், ஒவ்வொரு லைட்டிலிருந்தும் பற்றறிக்குத் தனித்தனியாக வயர் இழுத்தேன். சீற்றைக் கழற்றினால் உள்ளே இடியப்பம் பிழிந்து வைத்ததுபோல் கிடந்தது. அவள் எட்டிப் பார்த்துவிட்டு, "இது இப்பிடியே ஓடுமோ, இல்லாட்டி அவிக்கோணுமோ?" என்றாள்.

வலது கைப்பிடியில் சுவிச்சைப் பூட்டினேன். வலது பெருவிரல்தான் நன்றாக இருக்கிறதே. இந்தப் பக்கம் தள்ளினால் இடது லைட், அந்தப் பக்கம் தள்ளினால் வலது லைட், நடுவில் விட்டால் அணையும். முற்றத்தில் நிறுத்திப் போட்டுப் பார்த்தோம். நாலு லைட்டும் சொன்னபடி மின்னின. எனக்குத் தலைகால் தெரியவில்லை.

அன்று பின்னேரமே குளக்கட்டுக்குப் போனோம். நான் பின்னால் இருந்தேன், கைகளை மடியில் வைத்துக்கொண்டு, ஏதோ பெரிய முதலாளி மாதிரி. வாய்க்கால் திருப்பத்தில் அவள் சுவிச்சைத் தள்ளப் பெருவிரலை நீட்டினாள். விரலோடு மணிக்கட்டும் திரும்பியது, மணிக்கட்டோடு அக்சிலேற்றரும் திரும்பியது. வண்டி பாய்ந்துகொண்டு போய் ஒரு முள்ளுவேலியில் நின்றது. எங்கள் இருவருக்கும் கீறல்தான், வேறொன்றுமில்லை. இடுப்பில் கட்டியிருந்த என் சாரம் வேலியிலேயே இருந்துவிட்டது.

"உங்கடை சுவிச்சைக் கொண்டுபோய்க் அடுப்படிச் சுவரில பூட்டுங்கோ," என்றாள், வண்டியை நிமிர்த்திக்கொண்டே.

எனக்கும் கோபம் வந்தது. பிழை என்னுடையது என்று தெரிந்தபடியால் கோபம் இன்னும் கூடியது. இரவே சுவிச்சைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டேன். ட்ரயலுக்குத் தேதி கொடுத்துவிட்டார்கள். அது தவறினால் அந்த வேலை வேறு யாருக்கோ போய்விடும். பால் நிலையத்தில் அதைப் பட்டென்று சொல்லியிருந்தார்கள்.

பிறகொரு நாள் சங்கக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தோம். பழையபடி அவள் ஓட்ட, நான் பின்னால். சுவிச்சைப் பற்றியே யோசித்துக்கொண்டு வயலைப் பார்த்தபடி இருந்தேன். திடீரென்று பார்க்கிறேன், என் இடது கை நீண்டிருக்கிறது. அடுத்த கணம் வண்டி இடப்பக்கம் திரும்பியது. அவள் வாய் திறக்கவில்லை. நான் றோட்டைப் பார்க்கவும் இல்லை. அப்படியென்றால் கைக்கு யார் சொன்னது?

"இஞ்சேரும், வண்டியை நிப்பாட்டும். இப்ப என்ன செய்தனீர்?"

"என்ன செய்தனான்? ஓடினனான்."

"முழங்காலால டாங்கியை அமத்தினீர். இடது முழங்காலால. என்ரை காலில தெரிஞ்சது."

"நானோ? உங்களுக்கு விசரே?"

திரும்பவும் ஓடச் சொன்னேன். சந்தியில் இடப்பக்கம் திரும்பினாள். அதற்குக் கொஞ்சம் முந்தி இடது முழங்கால் டாங்கியில் அமர்ந்தது. வலப்பக்கம் திரும்பினாள், வலது முழங்கால். அவள் செய்வது அவளுக்கே தெரியாது. எனக்கும் அதுவரை தெரியாது. எப்போது தொடங்கியதென்று இருவராலும் சொல்ல முடியவில்லை. கல்யாணம் கட்டிய நாளிலிருந்து நாங்கள் ஒரு விஷயத்திலாவது சண்டை பிடிக்காமல் உடன்பட்டதில்லை. இதில் மட்டும் ஒரு சொல்லும் பேசாமல் உடன்பட்டிருக்கிறோம்.

முழங்கால் படும் இடத்தில் சுவிச்சை வைத்தால் சரி. ஆனால் எந்தச் சுவிச்? வயரிங்காரன் மூளை எங்கே போகும்? வீட்டு வாசலில் பூட்டுகிற கோலிங் பெல் சுவிச் இரண்டு என் பெட்டிக்குள் கிடந்தது. அமத்தினால் லைட் மின்னும், விட்டால் நிற்கும். பெற்றோல் டாங்கியில் துளை போட முடியாது என்பதால், பழைய லொறி ரியூப்பைப் பட்டியாக வெட்டி டாங்கியைச் சுற்றிக் கட்டி, அதில் இரண்டையும் பொருத்தினேன். மழைத் தண்ணீர் இறங்காமல் மேலே ரியூப் துண்டொன்றை ஒட்டினேன். முதல் நாள் வண்டி றோட்டுக் குழிகளில் விழுந்து எழும்பும்போதெல்லாம் இரண்டு பக்கமும் மின்னியது. பிறகு சுவிச்சை விரற்கடை அளவு முன்னுக்குத் தள்ளிவைத்ததும் அடங்கியது. வயரையும் கழற்றி, இந்த முறை இரும்பை நம்பி, புதிதாகப் போட்டேன்.

பக்கத்து வீட்டு அண்ணர் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இதை அமத்தினா ஆர் வந்து கதவு திறக்கிறது?" என்று கேட்டார்.

சந்தோசமாகச் செய்தேன் என்று சொன்னால் அது பொய். அந்த வேலை அவளுக்குக் கிடைக்க வேண்டும் என்று மனதார விரும்பினேன். அதேநேரம், அது கிடைத்த பிறகு என் கை யாருக்கும் தேவைப்படாது என்பதும் சுவிச்சின் கடைசித் திருகாணியை இறுக்கும்போது தெரிந்தது. அவள் காலையில் தனியே போய்விடுவாள். நான் முற்றத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருப்பேன். அதை நினைக்கப் பயமாக இருந்தது. ஆனாலும் ஆணியை நன்றாகத்தான் இறுக்கினேன்.

ட்ரயல் வவுனியாவில். பக்கத்து வீட்டு அண்ணர் வண்டியை ஓட்டிவந்து தந்தார், நாங்கள் பஸ்ஸில் போனோம். பரிசோதிக்க வந்த உத்தியோகத்தர் சிக்னல் சுவிச்சைக் கைப்பிடியில் தேடினார். அவள் டாங்கியைக் காட்டினாள். குனிந்து ஒருதரம் அமத்திப் பார்த்தார், லைட் மின்னியது. இன்னொருதரம் அமத்தினார்.

"பெல் சத்தம் வருமெண்டு நினைச்சன்," என்றார். முகத்தில் சிரிப்பில்லை. "ஆர் பூட்டினது?"

"எங்கடை வீட்டுக்காரர்."

"சரி, ஓடிக் காட்டுங்கோ பாப்பம்."

அவள் போனாள். எனக்கு வேலிக்கு வெளியேதான் இடம். உச்சி வெயில். வண்டி ஒரு நிழலாகத் தெரிந்தது, அதில் லைட் மின்னுகிறதா என்று என் கண்ணுக்குப் பிடிபடவில்லை. நான் பூட்டிய லைட், எனக்குத் தெரியவில்லை. அப்படியொரு ஆற்றாமை எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. பக்கத்தில் குடையோடு நின்ற ஒரு பெண்ணிடம் கேட்டேன்.

"அக்கா, அந்தச் சிவப்பு மோட்டார் சைக்கிள் சிக்னல் போடுதோ?"

"ஓம், போடுது."

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம் மின்னுது. இந்தா, இடது பக்கம் திரும்புறா."

"இப்ப?"

"இப்ப வலது." அவர் குடையைச் சரித்து என்னைப் பார்த்தார். "ஏன் தம்பி அழுறீங்கள்? நல்லாத்தானே ஓடுறா."

நான் வெயில் என்றேன்.

பாஸ் பண்ணிவிட்டாள். அண்ணர் பஸ்ஸில் திரும்ப, நாங்கள் இருவரும் கண்டி வீதியால் வீட்டுக்கு வெளிக்கிட்டோம். வழி முழுக்க அவள் மாட்டுக்காரர், பால், சம்பளம் என்று கதைத்துக்கொண்டே வந்தாள். காற்றில் பாதி கேட்கவில்லை, ஓம் ஓம் என்றேன். புளியங்குளம் சந்தி வந்தது. அவளுடைய வலது முழங்கால் அமர்வது என் காலில் தெரிந்தது. என் வலது கை எழுந்து நீண்டது.

"கையை எடுங்கோ," என்றாள். "லைட் பத்துது."

எடுத்தேன். எடுத்த கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. இவ்வளவு காலமும் ஒரு கையால் சீற்றுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை றோட்டுக்கென்று வைத்திருந்தவன் நான். பட்டப்பகல், சந்தி நிறையச் சனம், பின்னால் ஒரு பஸ் ஹோர்ன் அடித்தது. கையைக் கொண்டுபோய் அவள் இடுப்பில் வைத்தேன்.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "ரெண்டு கையாலயும் பிடியுங்கோ," என்றாள், "விழுந்திடுவீங்கள்."