சுவரோரம் பொரித்த பஜ்ஜி

எனக்குக் கோர்வையாக எழுத வராது, மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று மருமகள் ஐஸ் தண்ணீரில் மாவு கரைத்து ஜப்பான் டெம்புரா பொரித்தாள். கத்தரிக்காய் எண்ணெயில் விழுந்த சத்தத்தில் சின்ன வயதில் நாங்கள் இருந்த மல்காஜ்கிரி ரயில்வே குவார்ட்டர்ஸ் ஞாபகம் வந்தது.

அங்கே பொரிக்கும் சத்தம் கேட்ட வீட்டுக்கு ஒரு தட்டு போயாக வேண்டும். குழாயடிச் சண்டைக்குப் பின் அம்மாவும் பக்கத்து வீட்டுத் தெலுங்கு அத்தையும் பேசிக்கொள்ளவில்லை. அம்மாவுக்கு அது தாங்கவில்லை. வலியப் போய்ப் பேசவும் கூச்சம். ஒரு மழைநாளில் ஸ்டவ்வைப் பொதுச்சுவரோரம் நகர்த்தி வைத்துப் பஜ்ஜி போட்டாள்.

சுவருக்கு அப்பால் அத்தையின் குரல் கேட்டது. தெலுங்கில் வதினா என்றால் அண்ணி; இருவரும் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வார்கள். “வதினா, எங்களுக்குச் சத்தம் மட்டும்தானா?”

“தட்டு எடுத்துட்டு வாங்க, வதினா,” என்ற அம்மா, இன்னும் கொஞ்சம் மாவு கரைத்தாள்.

அன்று வாழைக்காயா, வெங்காயமா? அக்கா படித்தால் திருத்தவும்.