பிந்தி வந்த ‘வேண்டாம்’

“எட்டுச் சொல்லை ஒழுங்கா வாசிக்கத் தெரியேல்லை. இதுக்குத்தானோ தங்கச்சி கம்பஸ் மட்டும் போய்ப் படிச்சனீர்?”

எங்கள் மீனவர் சங்கத்தின் செயலாளர், ஆட்கள் நிறைந்த கூட்டத்தில் என்னைக் கேட்டது இது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பக்கத்துக் கதிரையில் இருந்த அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அவரை அப்படிக் குனிய வைத்ததை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

எங்கள் வீடு பேசாலைக்கும் தலைமன்னாருக்கும் நடுவில், வடக்குக் கரையில் இருக்கிறது. குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்துப் பல்கலைக்கழகம் வரை போன முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும். அம்மாவுக்கு அதுவும் இல்லை. ஆறாம் வகுப்பிலிருந்தே வீட்டுக்கு வரும் கடிதம், ஆஸ்பத்திரித் துண்டு, கோயில் அறிவித்தல் எல்லாவற்றையும் நான்தான் வாசித்துச் சொல்வேன். அதில் எனக்குப் பெருமை உண்டு. ஒளிக்க மாட்டேன்.

அப்பா வைத்திருப்பது பட்டன் போன். சங்கத்தின் அறிவித்தல் அதற்கு எஸ்எம்எஸ் ஆக வரும். டச் போன் வைத்திருப்பவர்களுக்கு அதே அறிவித்தல் வாட்ஸப் குறூப்பில் வரும். வீட்டுக்கு ஒரு நம்பர்தான் சேர்ப்பார்கள்; எங்கள் வீட்டுக்கு அது அப்பாவினது, என் டச் போனுக்கு ஒன்றும் வராது. இரண்டையும் செயலாளர்தான் எழுதி அனுப்புவார். எழுதுவதில் அவருக்கு ஆசை அதிகம். வாழ்த்துச் சொல்லாமல் எதையும் தொடங்க மாட்டார்.

போன மாரியில் வாடைக்காற்று மூன்று நாள் விடாமல் அடித்தது. கடல் தொழிலுக்குப் போக வேண்டாம் என்று சங்கத்தில் மறித்திருந்தார்கள். அப்பா முற்றத்துக்கும் கரைக்கும் நடந்து நடந்து மணலில் தடமே போட்டுவிட்டார். மூன்றாம் நாள் பின்னேரம் காற்று அடங்கின மாதிரி இருந்தது. அப்போதுதான் போன் சிணுங்கியது.

“பிள்ளை, விட்டுட்டாங்களோ பார்.”

நான் வாங்கிப் பார்த்தேன். ‘அன்புள்ள அங்கத்தவர்களே, நாளை காலை வடக்குக் கரையால் தொழிலுக்குப் போக’. அவ்வளவுதான் இருந்தது. கீழே தள்ளிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை.

“போகலாமாம் அப்பா” என்றேன்.

அந்த ‘லாம்’ என்னுடையது. போனில் அது இருக்கவில்லை. மூன்று நாள் மறித்து வைத்தவர்கள் வேறு எதைச் சொல்லப்போகிறார்கள் என்று நானே வசனத்தை முடித்துவிட்டேன்.

விடிய அப்பாவும் சித்தப்பாவும் வள்ளத்தைத் தள்ளினார்கள். கரையில் வேறு யாரும் இல்லை. “எல்லாரும் மூண்டு நாள் படுத்த பழக்கத்தில கிடக்கிறாங்கள். மீன் முழுக்க எங்களுக்குத்தான்” என்று சித்தப்பா பகிடி விட்டார். நானும் சிரித்தேன்.

எட்டு மணிக்குக் கடல் நிறம் மாறியது. ஒன்பதுக்குக் கிடுகு வேலி பறந்தது. பக்கத்து வீட்டு அக்கா டச் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, “எடியே, வேண்டாமெண்டெல்லோ போட்டிருக்கு! கொப்பர் ஏன் போனவர்?” என்று கத்தினாள். அவளுடைய போனில் அறிவித்தல் முழுசாக இருந்தது. அம்மா செபமாலையோடு கரையில் குந்திவிட்டாள். என்னை அவள் ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

மத்தியானம் தாண்டித்தான் வந்தார்கள். வலையை வெட்டிக் கடலில் விட்டுவிட்டார்கள். சித்தப்பாவின் புருவம் பிளந்து முகம் முழுக்க இரத்தம். அப்பா மடியிலிருந்து சொப்பிங் பையை அவிழ்த்து, உள்ளே நனையாமல் இருந்த போனை என்னிடம் நீட்டினார்.

“கடலுக்கை நிக்கேக்க ஏதோ வந்தது பிள்ளை. என்னெண்டு பார்.”

இரண்டு மெசேஜ் இருந்தன. ஒன்று இந்தியா உங்களை வரவேற்கிறது என்று சொன்னது. எங்கள் கரையை விட்டுக் கொஞ்சத் தூரம் ஓடினாலே எதிர்க்கரைச் சிக்னல் பிடித்துக்கொள்ளும். மற்றது ‘வேண்டாம். பலத்த காற்று வீசும்’ என்று தொடங்கியது. அப்பாவின் மடியிலேயே அந்தச் சொல் வந்து கிடந்திருக்கிறது. அவருக்கும் சித்தப்பாவுக்கும் வாசிக்கத் தெரியாது.

அதன் பிறகுதான் தேடிப் பார்த்தேன். ஆங்கில எழுத்தென்றால் ஒரு எஸ்எம்எஸ்ஸில் நூற்றறுபது கொள்ளும். தமிழென்றால் எழுபதுதான். அதிலும் போன் எங்கள் எழுத்தைப் பிய்த்துப் பிய்த்து எண்ணும். எழுத்தின் தலையில் வைக்கும் குற்றும் பக்கத்தில் போடும் கொம்பும் அதற்குத் தனித்தனி. நீண்டுவிட்டால் துண்டாக உடைத்து அனுப்பும். துண்டு பிந்தலாம், வராமலும் விடலாம். தமிழிலோ ஆம், இல்லை என்பது கடைசியில்தான் வரும். செயலாளரின் அன்பு முன்னால் இடம் பிடித்துக்கொண்டது. அவருடைய ‘வேண்டாம்’ அடுத்த துண்டுக்குப் போய்விட்டது.

இதைத்தான் கூட்டத்தில் எழும்பிச் சொன்னேன். அதற்குத்தான் எட்டுச் சொல் கதையைச் சொன்னார். பிறகு முடிவையும் அவரே அறிவித்தார். இனி எஸ்எம்எஸ் இல்லை, எல்லாம் வாட்ஸப்பில்தான்.

“அது பூட்டுப் போட்ட மாதிரி. அனுப்பிறவனையும் வாசிக்கிறவனையும் விட்டா வேற ஒருத்தனும் பாக்கேலாது. எஸ்எம்எஸ்ஸை ஆர் ஆர் பாக்கிறாங்களோ!”

பூட்டின் அருமை எனக்குத் தெரியும். நானும் சிநேகிதிகளோடு அதில்தான் கதைக்கிறேன். எங்கள் கரையில் ஒருவர் கதைப்பதை இன்னொருவர் ஒட்டுக் கேட்பது சின்ன விசயம் இல்லை.

“அண்ணை, காத்துக்கு என்ன ரகசியம்?” என்றேன். “நாளைக்குக் காத்தடிக்கும் எண்டதை ஆர் பாத்தா என்ன? டேற்றா இல்லாத கடலுக்கை உங்கட பூட்டுத் திறக்குமோ?”

“அப்ப கொப்பருக்கு ஒரு டச் போன் வாங்கிக் குடுமன்.”

மறுபடியும் சிரிப்பு. வாசிக்கத் தெரியாத மனிதருக்குக் கண்ணாடிப் போன் வாங்கிக் கொடுத்தால் எழுத்து வந்துவிடுமா? பட்டன் போன்காரர் எல்லாரும் கடலை விட்டுவிட வேண்டுமா? நான் கேட்டேன். அதற்குள் தேத்தண்ணி வந்துவிட்டது, எல்லாரும் எழும்பிவிட்டார்கள்.

பிழை என்னிடமும் உண்டு. இல்லாத ஒரு சொல்லை வாசித்தேன். முழுசாக வராததை முழுசு என்று சொன்னேன். சித்தப்பாவின் புருவத்தில் உள்ள தழும்பை ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன். ஆனால் அந்தப் பிழையைச் சாட்டாக வைத்து அப்பாவைப் போன்றவர்களுக்கு வரும் ஒரேயொரு எச்சரிக்கையையும் நிற்பாட்ட நான் விடமாட்டேன்.

அடுத்த கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். பட்டன் போன் வைத்திருப்பவர்கள் இருபத்துமூன்று பேர். நம்பர்களை என் போனில் ஏற்றினேன். “உமக்கேன் பிள்ளை இந்த வேலை?” என்று கேட்டவர்களும் நம்பரைத் தந்தார்கள்.

நேற்றுப் பின்னேரம் வானொலியில் காற்று எச்சரிக்கை வந்தது. செயலாளர் தொலைபேசியில் என்னைப் பிடித்தார்.

“நீர் ஏதோ லிஸ்ட் எடுத்து வச்சிருக்கிறீராம். சங்கத்தின்ர அறிவித்தலை அனுப்ப ஆர் உமக்கு அதிகாரம் தந்தது? நான் குறூப்பில போட எழுதிக்கொண்டிருக்கிறன். அதுக்குள்ள ஒண்டும் அனுப்பக்கூடாது, விளங்குதோ?”

நான் எழுத்தெண்ணி வைத்திருந்தேன். குற்றும் கொம்பும் முற்றுப்புள்ளியும் இடைவெளியும் சேர்த்து ஐம்பத்தொன்று. ‘போகவேண்டாம். நாளை காலை. வடக்குக் கரை. பலத்த காற்று.’

“விளங்குது அண்ணை” என்றேன். “ஆனா இருபத்துமூண்டு பேருக்கும் போட்டுட்டன்.”